பேத்தி பாடும் பாட்டு பாட்டிக்குப் புரியவேண்டாமா?

தாம்பரத்தில் இருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, ராஜகீழ்ப்பாக்கம்.

அங்கே ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். பாட்டி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டு இருக்கிறார்.

பேத்திக்கு 7 வயது. அம்மாவின் துப்பட்டாவைத் தோளில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து ஆடுகிறாள். உரத்த குரலில் பாடுகிறாள். பனியால் அரண்மனை கட்டிய ராணியாம், அவள்!

"என்னடி கண்ணு பாடுறே?" என்று கேட்டார், பாட்டி.

"எல்சா பாட்டு!"

"அதுக்கு என்ன அர்த்தம்? எனக்கும் சொல்லேன்."

சிறுமி யோசித்தாள். அவளுக்கும் முழு அர்த்தம் தெரியவில்லை.

"அது இங்கிலீஷ் பாட்டு, பாட்டி. உனக்குப் புரியாது!"

பாட்டி சிரித்தார். மறுபடியும் கீரையைக் கையில் எடுத்தார்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. சேலையூரிலும், செம்பாக்கத்திலும், மாடம்பாக்கத்திலும் இதே காட்சியைப் பார்க்கலாம்.

குழந்தை ஆங்கிலப் பாட்டுப் பாடுவதில் தவறு எதுவும் இல்லை. பாடட்டும். ஆனால் அதே ஆசையோடு, அதே துள்ளலோடு பாடுவதற்கு, தமிழில் அவளுக்கு ஒரு பாட்டு வேண்டாமா? இதுதான் கேள்வி.

பாட்டுதான் உயிர்

ஓவியங்களை ஓடவிட்டு எடுப்பது சித்திரப் படம். "கார்ட்டூன் படம்" என்றும், "அனிமேஷன் படம்" என்றும் இதைச் சொல்வார்கள். முன்பு கையால் வரைந்தார்கள். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உருவாக்குகிறார்கள்.

இந்தப் படங்களில் பாட்டு என்பது ஊறுகாய் அல்ல. அதுதான் சோறு!

வால்ட் டிஸ்னி நிறுவனம் தன் முதல் முழு நீளச் சித்திரப் படத்தை 1937-ம் ஆண்டில் வெளியிட்டது. அது "ஸ்னோ ஒயிட்" கதை. அந்தப் படத்தில் கதாநாயகி கிணற்றடியில் நின்று தன் ஆசையைப் பாட்டாகச் சொல்வாள். "இவள் மனதில் இருப்பது இதுதான்" என்று குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

1989-ம் ஆண்டில் "கடல் கன்னி" கதையை டிஸ்னி நிறுவனம் படமாக எடுத்தது. அதிலும் அப்படி ஒரு ஆசைப் பாட்டு உண்டு. படம் முடிவதற்கு முன்பே அதைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பாட்டு வந்த நேரத்தில் ஒரு சிறுவன் சோளப்பொரியைக் கொட்டிவிட்டான். படத்தை விட்டுவிட்டுப் பொரியைப் பொறுக்கத் தொடங்கினான். அதைப் பார்த்த நிறுவனத்தின் பெரிய அதிகாரி, "இந்தப் பாட்டு வேண்டாம், வெட்டி விடுங்கள்" என்றார்.

பாட்டை எழுதியவர் ஹோவர்ட் ஆஷ்மன். அவர் விடவில்லை. வாதாடினார். "இந்தப் பாட்டு இல்லாவிட்டால் கதாநாயகி மீது யாருக்கும் இரக்கம் வராது" என்பது அவர் கட்சி. பாட்டு பிழைத்தது. படமும் பெரிய வெற்றி பெற்றது. ஆஷ்மன் 1991-ம் ஆண்டில், 40-வது வயதில் இறந்துபோனார். அவர் எழுதிய பாட்டுகளை இன்றும் உலகம் பாடுகிறது.

கதையையே மாற்றிய பாட்டு

ராஜகீழ்ப்பாக்கத்துச் சிறுமி பாடினாளே, அந்த எல்சா பாட்டுக்கும் ஒரு கதை உண்டு.

அது 2013-ம் ஆண்டில் வந்த "புரோசன்" படத்தின் பாட்டு. முதலில் எல்சாவைக் கெட்டவளாகத்தான் நினைத்து வைத்திருந்தார்கள். ராபர்ட் லோபஸ், கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ் என்ற கணவன்-மனைவி இருவரும் சேர்ந்து அவளுக்காக ஒரு பாட்டு அமைத்தார்கள். அதைக் கேட்டதும், "இப்படிப் பாடுகிறவள் கெட்டவளாக இருக்க முடியாது" என்று படம் எடுத்தவர்களுக்குத் தோன்றியது. கதையையே மாற்றி எழுதினார்கள்! அந்தப் பாட்டுக்கு 2014-ம் ஆண்டில் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

பிறகு அந்தப் பாட்டை 25 மொழிகளில் வரிக்கு வரி மாற்றி மாற்றிப் பாடவைத்து, ஒரே படமாகத் தொகுத்து வெளியிட்டார்கள். ஜப்பான் மொழி இருந்தது. தாய்லாந்து மொழி இருந்தது. மலாய் மொழியும் இருந்தது.

இந்திய மொழி ஒன்றுகூட இல்லை!

1,500 பேர் வாழும் தீவு

"தமிழில் பாடினால் யார் கேட்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம்.

பசிபிக் பெருங்கடலில் டோக்கெலாவ் என்று சில குட்டித் தீவுகள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் சுமார் 1,500 பேர்தான். நம் ஊரில் சில தெருக்களிலேயே அவ்வளவு பேர் இருப்பார்கள். 2016-ம் ஆண்டில் வந்த "மோனா" என்ற சித்திரப் படத்தில், அந்த மக்களின் மொழியில் பாட்டு ஒலித்தது. உலகத்துக் குழந்தைகள் அதைக் கேட்டார்கள்.

1994-ம் ஆண்டின் "லயன் கிங்" படத்தில், சூரியன் உதிக்கும் முதல் காட்சியில் கேட்கும் குரல் தென் ஆப்பிரிக்காவின் ஜூலு மொழி. அர்த்தம் தெரியாமலே கோடிக்கணக்கான குழந்தைகள் அதைக் கூடவே பாடினார்கள்.

இந்தியாவில் மட்டும் 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, சுமார் 6 கோடியே 90 லட்சம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அந்தக் குட்டித் தீவுகளின் மொழிக்குக் கிடைத்த இடம், தமிழுக்குக் கிடைக்காதா?

எங்கே கோளாறு?

வெளிநாட்டுச் சித்திரப் படங்கள் பல இப்போது தமிழ் பேசுகின்றன. ஆனால் சில படங்களில், பேச்சை மட்டும் தமிழில் மாற்றிவிட்டுப் பாட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எல்சா தமிழில் பேசுவாள். பாட வேண்டிய நேரத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள் என்றால், அது என்ன முறை?

இன்னும் சில பாட்டுகள் தமிழில் வருகின்றன. ஆனால் வாயில் நிற்பது இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

சித்திரப் படத்தில் பாட்டைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். அந்தக் குரலுக்கு ஏற்றபடி வாய் அசைவதை வரைவார்கள். தமிழுக்கு வரும்போது எல்லாம் தலைகீழ்! படம் முடிந்துவிட்டது. மெட்டும் மாறாது. வாய் அசைவும் மாறாது. அதற்குள் கவிஞர் தமிழை உட்காரவைக்க வேண்டும்.

"ப", "ம" என்றால் உதடு ஒட்டும். "ஆ" என்றால் வாய் திறக்கும். திரையில் எல்சா வாயை அகலத் திறந்து நிற்கிறாள். பாட்டு "ம்" என்று முடிகிறது என்றால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. "வந்தது", "போனது" என்று முடித்தால், அந்தக் கடைசி எழுத்தை நீட்டிப் பாட முடியாது. குரல் அடங்கிப் போகும். "வா", "நிலா", "வானிலே" என்று நெடில் எழுத்தில் முடித்தால் எவ்வளவு தூரமும் நீட்டலாம். நல்ல கவிஞருக்கு இது தெரியும். அகராதியைப் பார்த்து அவசரமாக மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது.

முன்னோர் காட்டிய வழி

"மொழி மாற்றிய பாட்டு ஒரு நாளும் நன்றாக இராது" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில், கவிஞர் கம்பதாசன்.

1955-ம் ஆண்டில் "உரன் கடோலா" என்ற இந்திப் படம் வந்தது. நவுஷத் இசை அமைத்த படம். அது தமிழில் "வானரதம்" ஆனபோது, பாட்டுகளை எழுதியவர் கம்பதாசன். அதே மெட்டு; ஆனால் தமிழ் தமிழாகவே இருந்தது. லதா மங்கேஷ்கரே தமிழில் பாடினார். அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கவிஞர் கையில் கொடுத்தால், இரவல் மெட்டும் சொந்த மெட்டு ஆகிவிடும்!

2019-ம் ஆண்டில் "புரோசன்" இரண்டாம் பாகம் தமிழில் வந்தது. எல்சாவுக்குக் குரல் கொடுத்த சுருதிஹாசன், தமிழில் பாடவும் செய்தார். நல்ல தொடக்கம். அது வழக்கமாக வேண்டும்.

நம்முடைய சொந்தப் படங்கள் எத்தனை? 2007-ம் ஆண்டில் "இனிமே நாங்கதான்" என்ற சித்திரப் படத்துக்கு இளையராஜா இசை அமைத்தார். 2014-ம் ஆண்டில் வந்த "கோச்சடையான்" படத்துக்கு ஏ.ஆர்.ரகுமான் இசை அமைத்தார். இப்படி விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கவிஞர்களுக்கா இங்கே பஞ்சம்? பாப்பாவுக்குப் பாட்டு எழுதிய பாரதியார் பிறந்த நாடு. குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா வாழ்ந்த நாடு. தெனாலிராமன் கதை இருக்கிறது. மரியாதைராமன் கதை இருக்கிறது. மெட்டுப் போட ஆள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: குழந்தைக்குத் தமிழ்ப் பாட்டு முக்கியம் என்ற எண்ணம்!

செய்ய வேண்டியது என்ன?

பேச்சைத் தமிழில் மாற்றுகிறவர்கள், பாட்டையும் மாற்ற வேண்டும். அந்த வேலையை, குழந்தைகளின் மனம் அறிந்த கவிஞரிடம் கொடுக்க வேண்டும். போதிய நாட்களும், போதிய பணமும் தர வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. டெலிவிஷனிலும் செல்போனிலும் மொழியை மாற்றும் வசதி பல படங்களுக்கு இருக்கிறது. ஒரு முறை ஆங்கிலத்தில் பார்த்தால், மறுமுறை தமிழில் போடுங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

2017-ம் ஆண்டில் "கோகோ" என்ற சித்திரப் படம் வந்தது. மெக்சிகோ நாட்டுக் கதை. வயது முதிர்ந்த பாட்டிக்கு நினைவு மங்கிக்கொண்டே போகிறது. சிறுவன் அவர் அருகே உட்கார்ந்து, அவருடைய அப்பா பாடிய பழைய பாட்டைப் பாடுகிறான். பாட்டியின் முகம் மலர்கிறது. அவரும் சேர்ந்து பாடுகிறார்! பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அந்தச் சிறுவன் பாடிய பாட்டு, பாட்டிக்குத் தெரிந்த பாட்டு. அதனால்தான் நினைவு திரும்பியது.

ராஜகீழ்ப்பாக்கத்துப் பேத்திக்கும் அப்படி ஒரு பாட்டு கிடைக்கட்டும். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அவள் பாடட்டும். பாட்டி கீரையைக் கீழே வைப்பார். அடுத்த அடியை அவரே பாடுவார்!