ஒன்பதாம் பிரிவு பற்றி ஏன் பேச்சில்லை?



மே 18 நெருங்கினால் எங்கள் சாத்தூர்ச் சுவர்களிலும் 2009 இலங்கைப் போரில் இறந்த தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். சர்வதேச விசாரணை வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். 2013 மார்ச்சில் தமிழகச் சட்டமன்றமே இதற்காகத் தீர்மானம் போட்டது. ஆனால் இந்தியா தன் கையைத் தானே கட்டிப்போட்டிருப்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அந்த மௌனத்தைக் கண்டித்தே இக்கடிதம்.

1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் ஒன்பதாம் பிரிவு முக்கியமானது. அதன்படி, உடன்படிக்கையில் சேர்ந்த ஒரு நாடு இன்னொரு நாட்டை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான காம்பியா, ரோஹிங்கியா மக்களுக்காக 2019 நவம்பரில் மியான்மர் மீது வழக்குப் போட்டது இந்தப் பிரிவை வைத்துத்தான். பாதிக்கப்படாத காம்பியாவுக்கு இதில் என்ன உரிமை என்று மியான்மர் வாதாடியது. 2022 ஜூலையில் நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது 2023 டிசம்பரில் தொடுத்த வழக்கும் இதே வழியில் வந்ததுதான்.

இலங்கை 1950இலேயே இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒன்பதாம் பிரிவிலிருந்து அது விலக்குக் கேட்கவில்லை. கேட்டது நாம்! தகராறில் உள்ள எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் வழக்கு என்ற நிபந்தனையோடுதான் 1959இல் இந்தியா ஏற்புறுதி தந்தது. நாம் போட்ட நிபந்தனையை நமக்கு எதிராகக் கொழும்பும் காட்டலாம். வேறு வழியும் இல்லை. காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளில் அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்பதில்லை என்று இந்தியா தனியாக அறிவித்திருக்கிறது. இலங்கையோ காமன்வெல்த் நாடு.

ஒன்பதாம் பிரிவின் மீதான நிபந்தனை ஒருமுறை நமக்குக் கைகொடுத்தது உண்மை. வங்கதேசப் போருக்குப் பின் 195 போர்க்கைதிகள் விஷயத்தில் பாகிஸ்தான் 1973இல் நம் மீது வழக்குப் போட்டபோது, இதைக் காட்டித்தான் இந்தியா அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை மறுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாகிஸ்தானே வழக்கைத் திரும்பப் பெற்றது. அன்றைய தேவைக்காக அரை நூற்றாண்டு கழித்தும் இதைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்? லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த ருவாண்டாவே 2008இல் தன் விலக்கைக் கைவிட்டது. ஐ.நா. பொதுச்செயலாளருக்கு எழுத்துமூலம் தெரிவித்தால் போதும்.

வழக்குப் போட்டாலே வென்றுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அழிக்கும் நோக்கத்தை நிரூபிப்பது மிகக் கடினம். போஸ்னியா 1993இல் தொடுத்த வழக்கில் 2007இல்தான் தீர்ப்பு வந்தது. அதிலும் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை ஒன்றையே இனப்படுகொலை என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 2009 போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்ன பிறகும், இலங்கையின் செம்மணிப் புதைகுழியிலிருந்து 2025இல் குழந்தைகளுடையது உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்த பிறகும், அந்தச் சாட்சியங்களை எடுத்துவைக்க ஒரு நீதிமன்றம்கூட இல்லாமல் இருப்பதை எப்படிப் பொறுப்பது? எங்கள் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையிலும் மொட்டமலையிலும் முகாம்களில் ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

எங்கள் விருதுநகர்த் தொகுதி உறுப்பினர் உட்படத் தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் இதுவே என் கோரிக்கை. கட்சி பாராமல் வரும் கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்புங்கள். ஒன்பதாம் பிரிவின் மீதான நிபந்தனையை இந்தியா எப்போது விலக்கிக்கொள்ளும் என்று வெளியுறவு அமைச்சரிடம் எழுத்துமூலம் பதில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சாத்தூர்.