‘ஒண்டுமில்லை’ என்ற பதிலுக்கு எத்தனை புள்ளி?

கடந்த மாதம் பரந்தனுக்கு உள்ளே ஒரு கிராமத்தில், பெரியம்மா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு பதினான்கு கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். வாய்ச் சுகாதாரம் ஒருவருடைய வாழ்க்கைத் தரத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் கேள்விகள் அவை. நான் பல் வைத்தியர் அல்ல. செய்ததும் ஆய்வல்ல. இந்தக் கேள்விகள் எங்களுடைய சனத்திடம் வந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசை மட்டும்தான்.

“பெரியம்மா, போன ஒரு வருசத்திலை பல்லாலையோ வாயாலையோ சாப்பிடக் கஷ்டமா இருந்ததோ?”

“ஒண்டுமில்லை பிள்ளை. நல்லாச் சாப்பிடுறன்.”

பூச்சியம் என்று குறித்தேன். அவவுக்கு இடப்பக்கக் கொடுப்புப் பல் மூன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டதற்கு, “வலப்பக்கத்தாலை சப்புறன்தானே” என்றா.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கச்சான் வாங்குவீர்களா என்று கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி.

“வாங்குவன். பேரப்பிள்ளையளுக்கு.”

“நீங்கள்?”

“நான் கச்சானை விட்டுக் கனகாலம். முறுக்கும் விட்டிட்டன். இறைச்சி எண்டால் குழம்பு மட்டும்.”

கச்சானும் முறுக்கும் இறைச்சியும் போய்விட்டன. ஆனால் படிவத்தின்படி சாப்பிடுவதில் அவவுக்குக் கஷ்டமே இல்லை.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன?

பல் வைத்தியம் நீண்டகாலமாகப் பற்களைத்தான் எண்ணிவந்தது. சொத்தை எத்தனை, பிடுங்கியது எத்தனை, அடைத்தது எத்தனை என்று கூட்டும் முறை 1938இல் அமெரிக்காவில் உருவானது. இன்றும் அதுதான் அடிப்படை அளவு. ஆனால் அது வாயைப் பற்றிச் சொல்லுமே தவிர, அந்த வாய்க்குரியவர் நித்திரை கொள்கிறாரா, நாலு பேர் முன்னால் சிரிக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா என்று சொல்லாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் கேள்விக்கொத்துகள் வந்தன. கனடாவின் டேவிட் லொக்கர் 1988இல் ஒரு வரைபடம் தந்தார். வாயில் வரும் நோய் முதலில் உறுப்பின் செயலைக் குறைக்கிறது, பிறகு வலியும் மனச் சங்கடமும் வருகின்றன, அதன்பின் அன்றாட வேலை கெடுகிறது, கடைசியில் ஆள் சமூகத்தில் பின்தங்குகிறார் என்பது அதன் சாரம். அதை வைத்து அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் கெரி ஸ்லேடும் ஜோன் ஸ்பென்சரும் 1994இல் 49 கேள்விகளைத் தொகுத்தார்கள். ஸ்லேட் 1997இல் அதை 14 ஆகச் சுருக்கினார். நான் வாசித்தது அந்தச் சுருக்கத்தைத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘மிக அடிக்கடி’ என்றால் 4. ஆகக்கூடியது 56. புள்ளி கூடக்கூடப் பாதிப்பும் கூட.

இலங்கைக்கும் இது புதிதல்ல. லிலானி ஏக்கநாயக்கவும் இரோஷா பெரேராவும் இந்த 14 கேள்விகளின் சிங்கள வடிவத்தை முதியவர்களிடம் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். தமிழ் வடிவத்தைச் சென்னையில் பல் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஆகவே கேள்விகள் தமிழில் உண்டு. அவை வன்னியின் தமிழில் உண்டா என்பதுதான் என் கேள்வி.

கூச்சம் என்றால் என்ன?

‘உங்கள் பல் காரணமாகக் கூச்சப்பட்டிருக்கிறீர்களா’ என்று கேட்டபோது பெரியம்மா யோசிக்கவேயில்லை. “அடிக்கடி. குளிர்தண்ணி குடிச்சால் காணும், கூசும்.” கேள்வி கேட்டது வெட்கத்தைப் பற்றி, பதில் வந்தது பற்கூச்சத்தைப் பற்றி. முழுப் படிவத்திலும் அவவுக்குக் கிடைத்தது ஐந்து புள்ளி. பல்லுக்கொதி ‘சில வேளை’ என்பதற்கு 2. மிச்சம் 3 குளிர்தண்ணிக்கு உரியது.

சொல்லைத் திருத்தலாம். அதற்கு அப்பாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கேள்விகள் எல்லாம் ‘உங்கள் பல், வாய், கட்டுப்பல் காரணமாக’ என்ற அடியோடு வருகின்றன. பதில் சொல்பவர் தன் கஷ்டங்களைத் தரம் பிரித்து, இது பல்லால் வந்தது, இது வேறொன்றால் வந்தது என்று சொல்ல வேண்டும்.

விறாந்தையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் 2009இல் செல் விழுந்து ஒரு காலை இழந்தவர். கடைசிக் கேள்வி, ‘பல் காரணமாக முற்றாக இயங்க முடியாமல் போனதுண்டா?’ அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பல்லாலையோ?” என்று மட்டும் கேட்டார். மற்றவர், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே போய் இருப்பவர். ‘பல் காரணமாக மனம் ஆறி இருக்க முடியாமல் போனதுண்டா’ என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் பூச்சியம் போடலாம். அந்தப் பூச்சியத்தை யாராவது கூட்டி, வன்னியில் வாய்ச் சுகாதாரம் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று எழுதினால், கணக்குச் சரியாகவும் முடிவு பிழையாகவும் இருக்கும்.

பல்லைப் பார்த்து வைத்தியர் எண்ணுவதற்கும் ஆள் தானே சொல்வதற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அறிவார்கள். மனிதர் தன் எதிர்பார்ப்பை அளவுகோலாக வைத்துத்தான் பதில் சொல்கிறார். எதிர்பார்ப்புச் சுருங்கினால் முறைப்பாடும் சுருங்கும். பங்கருக்குள் இருந்து, பிறகு மெனிக் பாமில் தண்ணிக்கு வரிசையில் நின்ற ஒருவரிடம் கொடுப்புப் பல் மூன்று இல்லாதது ஒரு பிரச்சினையாகவே பதிவாகாது. பற்றாக்குறையோடு வாழப் பழகியது எங்களுடைய பலம். படிவத்தில் அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்புகிறது.

இன்னொன்றும் உண்டு. வன்னிச் சனம் படிவங்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்த பதிவு, முகாம் பதிவு, வீட்டுத்திட்டம், நிவாரணம், ஆணைக்குழு என்று எத்தனையோ தடவை கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள். எந்தப் பதில் உதவி தரும், எந்தப் பதில் வில்லங்கம் தரும் என்று எடைபோடக் கற்றவர்கள். படிவத்தோடு வருபவர் யார், எதற்காக வந்தார் என்பது தெரியாமல் மனந்திறந்த பதில் வராது.

ஏன் இதைப் பெரிதாக எடுக்க வேண்டும்?

எண்ணப்படாததற்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கையின்படி உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் சார்ந்த நோய் இருக்கிறது. 2021 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை வாய்ச் சுகாதாரம் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடு இலங்கை. உலக மேடையில் முன்னுக்கு நின்ற நாட்டில், துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒருவர் பல் வைத்தியரிடம் போவதென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். பல்லைப் பிடுங்கக் காசில்லை. கட்டத்தான் காசு வேண்டும். பெரியம்மாவின் இடப்பக்கம் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வயதானவர்களோடு இது முடியவில்லை. நிரந்தரக் கொடுப்புப் பல் முளைப்பது ஆறு வயதில். மிக இலகுவாகச் சொத்தையாவதும் அதுதான். 2009இல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அந்தப் பல் முளைத்தது பதுங்குகுழியிலோ முகாமிலோதான். அந்த ஆண்டு சுமார் 280,000 பேர் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்தப் பிள்ளைகள் இன்று இருபதுகளில், நேர்முகத் தேர்வுக்கும் கலியாணப் பேச்சுக்கும் போகும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்களா என்று யாராவது கேட்க வேண்டாமா?

வாய்ப் புற்றுநோயும் இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று அது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. அதன் தொடக்க நிலையில் பெரும்பாலும் நோவே இருக்காது. நோவை மட்டும் கேட்கும் கேள்விக்கு அந்த வெள்ளைத் தழும்பு அகப்படாது. அதனால் கேள்வி, வாயைத் திறந்து பார்ப்பதற்கு மாற்றல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கேள்விக்கொத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அடிலெய்டில் அந்தக் கேள்விகள் பிறந்தது 64 நோயாளிகளோடு கதைத்து, அவர்கள் வாயால் வந்த 535 கூற்றுகளைத் திரட்டித்தான். அதே வேலையைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் செய்யலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சமுதாய மருத்துவத் துறையும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் நினைத்தால் அது பெரிய செலவல்ல. தாய்லாந்தில் உருவான இன்னொரு அளவுகோல் உண்பது, கதைப்பது, பல் துலக்குவது, நித்திரை, சிரிப்பது, வேலை என்று அன்றாடச் செயல்களை எடுத்து, எத்தனை தடவை தடைப்பட்டது, எவ்வளவு கடுமை என்று கேட்கிறது. உணர்ச்சியைக் கேட்பதைவிடச் செயலைக் கேட்பது எங்களுடைய சனத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதோடு ஒரு கேள்வியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: பல்லுக்காக நீங்கள் எதை விட்டுவிட்டீர்கள்?

அதுவரை, வாசிக்கும் உங்களிடம் ஒன்று. யாராவது படிவத்தோடு படலையடிக்கு வந்தால், எதற்காகக் கேட்கிறார்கள், பதில் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள். திருப்தியான பதில் கிடைத்தால் ‘ஒண்டுமில்லை’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கத்தால் சப்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். கச்சானை எப்போது விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.