தேர்ச்சி விகிதம் மட்டும் போதுமா?

பரீட்சை முடிவுகள் வெளியாகுந்தோறும் தறிக்கூடத்திலும் களத்துமேட்டிலும் ஒரே பேச்சு எழுகின்றது. சர்க்கார் பள்ளியில் சிலர் தவறினர். தனியார் பள்ளியில் நூற்றுக்கு நூறு பேர் தேறினர் என்பதே அது. இந்த ஓர் எண்ணை நம்பி, நகையை ஈடு வைத்தேனும் பிள்ளையைப் பள்ளி மாற்றும் குடும்பங்கள் பல. கடன் சுமக்குமுன் அந்த எண்ணைச் சற்றே தணிக்கை செய்வது நலம்.

ஆரம்ப இருப்பை அறியாமல் இறுதி இருப்பைக் கொண்டு சங்கத்தை மதிப்பிட இயலாது. நாற்பதாம் நம்பர் நூலில் நெய்பவரையும் நூறாம் நம்பர் நூலில் நெய்பவரையும், நாளொன்றுக்கு நெய்த நீளத்தால் மட்டும் ஒப்பிடுதல் நியாயமாகுமா? பள்ளிக்கும் இதுவே விதி.

உதாரணமாக, ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பிள்ளைகள் இருந்தனர் என்று கொள்வோம். பலவீனமானவர்கள் விலக்கப்பட்டு, 40 பேரே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி, அனைவரும் தேறினால் விகிதம் 100. மற்றொரு பள்ளியில் 60 பேரும் எழுதி, 51 பேர் தேறினால் விகிதம் 85. கரையேறிய பிள்ளைகள் எங்கே அதிகம் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதனால் சர்க்கார் பள்ளியின் குறைகளை மூடி மறைக்க வேண்டும் என்பது பொருளன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தடுமாறினால், ஏழ்மையைக் காரணம் காட்டி அமைதியுறுதல் தகாது. நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளே பயிலும் இரு சர்க்கார் பள்ளிகளை ஒப்பிடுக. ஒன்று மேம்பட்டிருப்பின் அதன் காரணத்தை ஆராய்க. அதுவே பயன் தரும் ஒப்பீடு.

பசித்த வயிறு பாடத்தை ஏற்காது என்பதை அரசு முன்னரே உணர்ந்தது. காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு பரவலாயிற்று. 1982-இல் சத்துணவாக விரிவுபெற்றது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஆனால் பாவு போடும் நாளிலும் அறுவடை நாளிலும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வோமாயின், அந்நாளின் பாடத்தை எந்த உபாத்தியாயர் ஈடுசெய்ய முடியும்? குடும்பத் தொழிலில் சிறுவர் உதவுவதையும், பள்ளி நேரம் போக மற்ற வேளைகளிலும் விடுமுறையிலும் மட்டுமே 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அனுமதிக்கின்றது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சங்கப் பேரவைக்கு வருவதுபோல் அக்கூட்டத்திற்கும் செல்க. சேர்ந்தவர் எத்தனை பேர், பரீட்சை எழுதியவர் எத்தனை பேர்? ஆசிரியர் இடம் எத்தனை காலியாக உள்ளது? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? இம்மூன்றையும் கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்க.

பங்குத்தொகை செலுத்திவிட்டுக் கணக்குக் கேளாத அங்கத்தினர்களால் எச்சங்கமும் தழைத்ததில்லை. சர்க்கார் பள்ளியும் நம் வரிப்பணத்தால் நடக்கும் பொதுச்சொத்தே. அதன் கணக்கைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கே உரியவை.