பற்களின் கறையும் பிள்ளைகளின் உயிரும்

சிறு குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளைக் கொடுத்தால் பற்களில் நீங்காக் கறை படியும் என்னும் அச்சம் நம் நாட்டில் நன்கு வேரூன்றியுள்ளது. இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும், உரிய எல்லையைக் கடந்து, குற்றமற்ற வேறொரு மருந்தின்மீதும் அது பழி சுமத்துகிறது. அதனால் சில பிள்ளைகளின் உயிருக்கே கேடு நேரக்கூடும் என்பது எமது கருத்து.

இம்மருந்தின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் பணிகளுக்குத் தலைமை வகித்தார். அக்காலத்தில் அங்கு பெஞ்சமின் டகர் என்னும் தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசினைப் பிரித்தெடுத்தார். 1948-இல் அது உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. சுப்பாராவ் மறைந்ததும் அவ்வாண்டே. பொன்னிறம் உடையதாதலின் மருந்துக்கு அப்பெயர் வாய்த்தது.

அதனைத் தொடர்ந்து டெர்ராமைசின், டெட்ராசைக்ளின் முதலியன தோன்றின. பல நோய்களுக்கு ஒருங்கே பயன்பட்டமையால் குழந்தைகளுக்கும் இவை தாராளமாக வழங்கப்பட்டன. 1956-ஆம் ஆண்டிலேயே, நாட்பட்ட நோய்க்காக இவற்றை நெடுநாள் உட்கொண்ட பிள்ளைகளின் பற்கள் நிறம் மாறியிருப்பதை அமெரிக்க வைத்தியர்கள் குறித்துள்ளனர். காரணமும் விளங்கிற்று. டெட்ராசைக்ளின் கால்சியத்துடன் இறுகப் பிணையும் இயல்பினது. பல் உருவாகும் பருவத்தில் இரத்தத்தில் இம்மருந்து இருப்பின், படியும் கால்சியத்தோடு அதுவும் பல்லினுள் அடைபட்டுவிடுகிறது. முதலில் மஞ்சளாகத் தோன்றும் கறை, வெளிச்சம் படப்படச் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ கறுக்கும்; துலக்கினால் போவதன்று. தாயின் கருவில் நான்காம் மாதமளவில் தொடங்கி ஏறத்தாழ எட்டு வயது வரை இவ்வாபத்து உண்டு. எனவேதான் கருவுற்ற தாய்மாருக்கும் எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் இம்மருந்துகள் ஆகா என்னும் விதி ஏற்பட்டது. மிகவும் நியாயமான விதியே.

1967-இல் டாக்சிசைக்ளின் என்னும் இளைய உறவினர் வந்து சேர்ந்தார். கால்சியத்துடன் இவர் கொள்ளும் பிணைப்பு மிகக் குறைவு. ஆயினும் குடும்பப் பெயரைக் கண்ட மாத்திரத்தில் பழைய விதி இவர்மீதும் ஏற்றப்பட்டது. தனியே ஆராய்ந்து விதித்ததன்று. அமெரிக்காவில் உண்ணிகளால் பரவும் ஒருவகைக் காய்ச்சல் மிகுந்த பகுதியொன்றில், எட்டு வயதுக்கு முன்பே டாக்சிசைக்ளின் உட்கொண்ட 58 பிள்ளைகளின் நிலைப்பற்களைப் பின்னர்ச் சோதித்தனர். 2015-இல் வெளியான அம்முடிவின்படி, ஒருவரிடத்தும் அம்மருந்தின் கறை காணப்படவில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மழைக்காலத்தையும் அதனை அடுத்த மாதங்களையும் ஒட்டி மிகுகிறது. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சிகளின் குஞ்சுகள் கடிப்பதால் இது பரவுகிறது. மாதேசுவரன் மலைக் காடுகளை அடுத்த ராமாபுரம் போன்ற ஊர்களில் ஆடுமாடு மேய்க்கப் புதர்களுக்குள் போய்வரும் சிறுவர்க்கு இக்கடி எளிதில் நேரக்கூடியதே. நோய்க்கிருமி உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து வாழ்வதால், பெனிசிலின் வகை மருந்துகள் இதனிடம் பயன்படுவதில்லை. காலந்தாழ்த்தினால் நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் தாக்குண்டு மரணமும் நேரலாம். டாக்சிசைக்ளினோ பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களிலேயே காய்ச்சலைத் தணிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறை, குழந்தைகளுக்கும் எடைக்கேற்ற அளவில் இதனைப் பரிந்துரைக்கிறது. அசித்ரோமைசின் மாற்று மருந்தாக உள்ளது. இவ்வளவுக்குப் பின்னும் பல்லை நினைத்து மருந்தை நிறுத்துவது, கூரையைக் காக்க வீட்டைக் கொளுத்துவதாகும்.

இதனைக் கொண்டு, சளிக்கும் இருமலுக்கும் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம் என்று எவரும் கருதலாகாது. வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது எனச் சட்டம் உண்டு. அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை வாசகர் அறிவர். பழைய டெட்ராசைக்ளினுக்கு உரிய தடையும் அப்படியே நிற்கிறது. நாம் வேண்டுவது, உறுதியான ஐயத்தின்பேரில் சில நாட்களுக்கு மட்டும் வைத்தியர் தரும் டாக்சிசைக்ளினைப் பெற்றோர் மறுக்காதிருத்தலே.

இன்னொன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிள்ளைகளின் பற்களில் காணும் பழுப்புக் கறைக்கு மருந்தைக் குறைகூறும் முன் கிணற்று நீரைச் சோதிக்கலாம். ஃபுளோரைடு மிகுந்த நீரால் வரும் இக்கேட்டினை, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1937-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து எழுதியுள்ளனர்.

ஐந்து நாட்களுக்கு மேல் விடாத காய்ச்சலுடன் அக்குளிலோ தொடையிடுக்கிலோ காதின் பின்புறமோ, சுருட்டு நெருப்பால் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு ஒன்று தென்பட்டால், தாய்மார் அதனை வைத்தியரிடம் காட்டுக. அது வலிக்காது, ஆதலால் குழந்தை தானாகச் சொல்லாது.