பாலுக்குக் கணக்கு உண்டு; காயத்துக்குக் கணக்கு எங்கே?

தோட்டத்தில் எதற்குத்தான் கணக்கு இல்லை? எத்தனை மரம் வெட்டினோம், எத்தனை கிலோ பால் சுமந்து வந்தோம், அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு, பட்டையை எவ்வளவு சீவினோம், எல்லாவற்றுக்கும் புத்தகம் உண்டு. ஒரு நாள் பிரட்டுக்கு வராவிட்டால் அன்றே செக்ரோலில் விழுந்துவிடுகிறது. ஆனால், அதே தொழிலாளியை நிரையில் பாம்பு தீண்டினால், அமிலம் தெறித்துக் கண் பழுதானால், களைக்கொல்லி அடித்தவளின் நகம் கழன்றால், அதை எழுதும் புத்தகத்தைக் கண்டவர் யார்?

“எங்கள் தோட்டத்தில் விபத்தே கிடையாது” என்று மார்தட்டும் நிர்வாகங்களைக் கேட்கிறோம்: விபத்து நடக்கவில்லையா, அல்லது விபத்து எழுதப்படவில்லையா?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யாருமில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்கு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர் வாரிக்கொண்டு போயினர். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறையும் உண்டு. நம் பாட்டன்மார் எத்தனை பேர் மாண்டனர்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரு மதிப்பீட்டுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பல்லாயிரம் உயிர்கள் வேறுபடுகின்றன! கூலிக்காரன் சாவை எவனும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை கேட்கவும் நாதியில்லை.

போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. லாலாங்கையும் களையையும் அழிக்க ஆர்சனிக் நஞ்சைத் தெளித்த காலம் ஒன்று. 1960களில் பாராகுவாட் வந்தது. விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. அதை நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்தார்கள். தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் வடிந்தது, கண் எரிந்தது. மருந்தகத்தில் என்ன கிடைத்தது? ஒரு களிம்பு, இரண்டு மாத்திரை. “சரியாகப் பயன்படுத்தினால் தீங்கில்லை, தீங்கு என்பதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்டார்கள். ஆதாரத்தை எழுதாமல் விட்டவர்களே ஆதாரம் கேட்டார்கள்! தெனாகனித்தா போன்ற அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிய பிறகுதான் ஊர் அறிந்தது. 2002இல் தடை என்றது அரசு. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கெட்ட நுரையீரல்களுக்கு எந்தப் புத்தகத்தில் கணக்கு?

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1952இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1969இல் சொக்சோ சட்டம் வந்தது. 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2004ஆம் ஆண்டின் விதி தெளிவாகவே சொல்கிறது: சாவோ, கடுங்காயமோ, 4 நாட்களுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத காயமோ நேர்ந்தால் 7 நாட்களுக்குள் முதலாளி இலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வேலையால் வந்த நோய்க்கும், ஏறிய நஞ்சுக்கும் அதே கடமை உண்டு. ஆண்டு முழுவதற்குமான பதிவேட்டை ஜனவரி 31க்கு முன் அனுப்ப வேண்டும். சொக்சோவுக்கோ 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து என்று கண்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஏட்டை நிரப்பக் கை இல்லை!

“தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்” என்பது அவர்களுடைய பழைய பல்லவி. விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு வழுக்குச் சரிவில் ஏறச் சொன்னவர் யார்? பூட்ஸும் கையுறையும் தராமல் மருந்து டாங்கியைத் தூக்கி வைத்தவர் யார்? ஒரே சரிவில் ஆறு பேர் விழுந்தால் அது ஆறு பேருடைய கவனக்குறைவா, ஒரு நிர்வாகத்தின் அலட்சியமா? ஆறும் எழுதப்பட்டால்தான் இந்தக் கேள்வியே பிறக்கும். கணக்கு என்பது பணம் வாங்க மட்டுமல்ல. ஏழாவது ஆள் விழாமல் தடுக்கவும்தான்.

கிராணிமார்களே! கிலோ தவறாமல் பாலை எழுதும் உங்கள் பேனா, காயத்தின் முன் மட்டும் ஏன் மை வற்ற வேண்டும்? துரை கோபிப்பார் என்றா? எழுதாத ஒரு வரியால் ஒரு விதவையின் உதவித்தொகை போகும்.

பால்வெட்டும் தோழர்களே! சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு போகாதீர்கள். அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் “வேலையில் பட்டது” என்று சொல்லி எழுத வையுங்கள். நாள், நேரம், நிரை, கூட இருந்தவர் பெயர் ஆகியவற்றை வீட்டு நோட்டிலும் குறித்து வையுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து நிரையில் நிற்பவனுக்கும் இதையே சொல்லுங்கள். 2019 முதல் அவனுக்கும் சொக்சோ உண்டு. காயத்தோடு அவனை விமானம் ஏற்றிவிட்டால் கணக்கும் கூடவே பறந்துவிடும். கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் விபத்துப் புத்தகம் திறந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கும் உரிமை தொழிலாளர் பிரதிநிதிக்கு வேண்டும். 40 பேருக்குக் குறையாத இடத்தில் சட்டம் கேட்கும் பாதுகாப்புக் குழு, பெயருக்கு இல்லாமல் மாதாமாதம் கூட வேண்டும். விபத்தைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது.

ஒரு மங்குப் பால் சிந்தினால் விசாரிக்கிறீர்கள். ஒரு மனிதன் இரத்தம் சிந்தினால் விசாரியுங்கள். எழுதுங்கள்! எழுத மறுத்தால், நாங்கள் எழுதுவோம்.