ஜாடை பார்த்துச் சொன்ன தகப்பன் பெயர்

சென்ற இதழில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு குற்றப்பத்திரிகை வந்திருந்தது. 1950-இல் வந்த பிரிட்டிஷ் துப்பறியும் படமான ‘தி வுமன் இன் க்வெஸ்ச்சன்’ அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ படத்தைப் பார்த்து அடித்த காப்பியாம். அந்தக் காப்பியைப் பார்த்து அடித்த காப்பிதான் நம்முடைய ‘அந்த நாள்’ என்கிறார் கட்டுரையாளர். வெள்ளைக்காரன் திருடினான், நாம் திருடனிடம் திருடினோம் என்பது சாரம். தீர்ப்பு எழுதிய வேகத்தில் அவர் இரண்டு காரியங்களை மறந்துவிட்டார். ஒன்று, காலண்டரைப் பார்ப்பது. மற்றொன்று, படத்தைப் பார்ப்பது.

முதலில் காலண்டர். ‘ரஷோமான்’ 1950 கோடையில் படமாக்கப்பட்டு, அந்த ஆகஸ்ட் கடைசியில் டோக்கியோவில் திரைக்கு வந்தது. அந்தோனி அஸ்க்வித் இயக்கிய ‘தி வுமன் இன் க்வெஸ்ச்சன்’ அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் வெளியாகிவிட்டது. நடுவில் இருப்பது ஏழெட்டு வாரம். கட்டுரையாளர் கணக்குப்படி, அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்த ஜப்பானுக்கு அஸ்க்வித் போய் இறங்கியிருக்கிறார். துணைத்தலைப்பு இல்லாத ஜப்பானியப் படத்தை ஒரே மூச்சில் புரிந்துகொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். திரைக்கதை எழுதி வாங்கி, செட் போட்டு, நடிகர்களைக் கூட்டி, படம் பிடித்து, வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, பிரிண்ட் போட்டுத் தியேட்டருக்கும் அனுப்பிவிட்டார். அத்தனையும் ஏழெட்டு வாரத்தில்! நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் கேட்டால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள்.

‘ரஷோமான்’ ஜப்பானைத் தாண்டி உலகுக்குத் தெரிந்தது 1951 செப்டம்பரில், வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய பிறகு. அதற்கு முன் அதைத் தயாரித்த டாயெய் நிறுவனத்தின் தலைவருக்கே அது என்ன படம் என்று விளங்கவில்லை என்பது சினிமா உலகம் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை. முதலாளிக்கே புரியாத சரக்கை அடுத்த கண்டத்துக்காரர் அதற்குள் திருடிவிட்டார் என்கிறார் நண்பர். பிள்ளை பிறக்கும் முன்பே ஜாடை பார்த்துத் தகப்பன் பெயரைச் சொல்லும் வித்தை இது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் தெரிகிறது. அஸ்க்வித்தின் படத்தைக் கட்டுரையாளர் நெடுகிலும் ‘ஃபைவ் ஆங்கிள்ஸ் ஆன் மர்டர்’ என்றே குறிப்பிடுகிறார். அது பின்னால் அமெரிக்காவில் ஓட்டியபோது ஒட்டிய பெயர். ஐந்து கோணம், கொலை என்று போஸ்டரிலேயே அடித்துவிட்டால் யாருக்கும் ‘ரஷோமான்’ நினைவு வரத்தான் செய்யும். மாற்றுப்பெயரை மூலப்பெயர் என்று நினைத்தவர், அந்த லேபிளை வைத்தே வழக்கையும் ஜோடித்துவிட்டார்.

சரி, தேதி போகட்டும். தேதி தப்பானாலும் கருத்து சரியாக இருக்கலாம் என்று அவருக்காக யாராவது வாதாட வரலாம். கருத்தையும் பார்ப்போம்.

கடலோரப் பொழுதுபோக்கு ஊர் ஒன்றில் ஜோசியம் சொல்லிப் பிழைக்கும் பெண் ஆஸ்ட்ரா. கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். போலீஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறது. வாய் ஓயாத திருமதி ஃபின்ச்சுக்கு அவள் ஒரு சீமாட்டி, நடையும் பேச்சும் அவ்வளவு கௌரவம். கூடப்பிறந்த தங்கைக்கு அவள் குடிகாரி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனை எட்டிப்பார்க்காத பாதகி. மேடை வித்தைக்காரன் பாப் பேக்கருக்கு அவள் வலைவீசும் மோகினி. பறவை விற்கும் பொல்லார்டுக்கு ஆதரவில்லாத அப்பாவி. மாலுமி மர்ரேயின் கண்ணுக்கு இன்னொருத்தி. ஐந்து பேர், ஐந்து ஆஸ்ட்ராக்கள்.

‘ரஷோமா’னில் நடப்பது வேறு. அங்கே ஒரே சம்பவம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் பொய்யாக்குகிறார். செத்தவனே ஆவியாக வந்து சாட்சி சொல்லியும் உண்மை கைக்கு அகப்படுவதில்லை. அந்தக் காட்டில் என்ன நடந்தது என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி. அஸ்க்வித்தின் படத்தில் ஐந்து பேரும் பெரும்பாலும் வேறு வேறு சம்பவங்களைச் சொல்கிறார்கள். இவள் யார் என்பதுதான் இங்கே கேள்வி, தலைப்பே அதைத்தான் சொல்கிறது. ஒன்றுக்கு மேல் சாட்சி வந்தாலே ‘ரஷோமான்’ என்றால், நம் தாலுகா கோர்ட்டில் நடக்கும் வரப்புத் தகராறு எல்லாம் குரோசாவாவுக்கு ராயல்டி கட்ட வேண்டியிருக்கும்.

பல வாய்களில் ஒரு குற்றத்தைச் சொல்லும் வழக்கத்துக்கு ஆங்கிலேயர்கள் ஜப்பான் வரை போக வேண்டியதே இல்லை. வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 1868-இல் வந்தது. காணாமல்போன வைரத்தின் கதையை வீட்டு வேலைக்காரர் ஒரு பகுதி சொல்வார், பக்திப் பழமான மிஸ் கிளாக் இன்னொரு பகுதி சொல்வார். சொல்லச் சொல்ல வைரத்தைவிடச் சொல்பவரின் குணம்தான் அதிகம் வெளியே வரும். திருமதி ஃபின்ச் அந்த மிஸ் கிளாக்கின் வம்சம். அதே காலத்தில் ராபர்ட் பிரௌனிங், ரோம் நகரத்துக் கொலை வழக்கு ஒன்றைப் பல குரல்களில் பன்னிரண்டு பாகத்துக்குப் பாடிவைத்தார். திரையில் வேண்டுமா? 1941-இல் ‘சிட்டிசன் கேன்’ ஒரு மனிதனின் வாழ்க்கையை அவனைத் தெரிந்தவர்களின் வாயால் அடுக்கியது. ‘ரஷோமா’னுக்குக் கதை தந்த அகுதாகவாவின் சிறுகதையே 1922-இல் வந்ததுதான். முன்னோர் என்று தேடினால் இந்தப் பட்டியலில் ஒருவரையாவது சொல்லியிருக்கலாம். கட்டுரையாளருக்குத் தெரிந்த மூதாதை ஒருவர்தான் போலிருக்கிறது.

அஸ்க்வித்தைப் பற்றி அவர் போகிறபோக்கில் வீசிய வார்த்தைகள் இன்னும் மோசம். பிரதமர் வீட்டுப் பிள்ளை, பொழுது போகாமல் சினிமாவுக்கு வந்தவர், நாடகத்தைக் கேமராவில் பிடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவர் என்கிறார். பிரதமர் மகன் என்பது சரி. தகப்பனார் 1908 முதல் 1916 வரை பிரிட்டனை ஆண்ட ஹெச். ஹெச். அஸ்க்வித். பொழுது போகாமல் வந்த அந்தப் பிள்ளைதான் 1937-இல் சினிமாத் தொழில்நுட்பக் கலைஞர்களின் தொழிற்சங்கத்துக்குத் தலைவரானார், 1968-இல் சாகும்வரை தலைவராகவே இருந்தார். லைட்பாய்க்கும் கேமரா உதவியாளருக்கும் சம்பளம் பேசிய சீமான் வீட்டுப் பிள்ளையைப் பொழுதுபோக்கி என்று எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அல்லது கொஞ்சம் அறியாமை.

நாடகத்தைப் படம் பிடிப்பவர் என்ற குற்றச்சாட்டில் ஒரு பாதி உண்மை. ‘பிக்மேலியன்’, ‘தி வின்ஸ்லோ பாய்’ எல்லாம் மேடையிலிருந்து வந்தவை. ஆனால் 1929-இல் அவர் எடுத்த ‘எ காட்டேஜ் ஆன் டார்ட்மூர்’ என்ற மௌனப்படத்தைப் பார்த்தவர் யாரும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. சிறையிலிருந்து தப்பி ஓடிவரும் ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் கதை, பெரும்பகுதி பின்னோக்கிச் சொல்லப்படுவது. அதில் ஒரு சினிமா கொட்டகைக் காட்சி வருகிறது. உள்ளே ஜனம் புதிதாக வந்த பேசும்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையில் என்ன ஓடுகிறது என்று அஸ்க்வித் நமக்குக் காட்டவே மாட்டார். பார்ப்பவர்களின் முகங்கள் மட்டுமே. சிரிக்கிற முகம், பயந்த முகம், காது கேட்காமல் அவதிப்படும் கிழவியின் முகம், பக்கத்தில் இருப்பவளைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவனின் முகம். பார்க்கப்படும் பொருளைவிடப் பார்ப்பவன் சுவாரசியமானவன் என்பதை அந்த மனிதர் இருபத்தொன்பதிலேயே பிடித்துவிட்டார். இருபத்தோரு வருஷம் கழித்து அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஐந்து பேரை எழுப்பி, நீ என்ன பார்த்தாய் என்று கேட்டதுதான் ‘தி வுமன் இன் க்வெஸ்ச்சன்’. இதற்கு மூலம் தேட வேண்டுமானால் அஸ்க்வித்தின் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

இனி நடிகர்கள். கட்டுரையாளர் இதை டர்க் போகார்ட் படம் என்கிறார். போகார்ட் பின்னாளில் பெரிய பேர் வாங்கினார் என்பதால், அவர் தலையைக் காட்டிய படமெல்லாம் அவருடையதாகிவிடாது. 1950-இல் அவர் ஏறிவரும் பையன். அந்த வருஷத் தொடக்கத்தில் ‘தி ப்ளூ லாம்ப்’ படத்தில் போலீஸ்காரரைச் சுட்டுக் கொல்லும் ரௌடியாக வந்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். இங்கே போலி அமெரிக்க உச்சரிப்போடு திரியும் மேடை வித்தைக்காரன், சந்தேக வரிசையில் ஒருவன், அவ்வளவுதான்.

படம் ஜீன் கென்ட்டுடையது. எட்டுப் பக்கக் கட்டுரையில் அந்த அம்மாள் பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது. அதுவும் அடைப்புக்குறிக்குள்! எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். மியூசிக் ஹால் கலைஞர்களின் மகள், லண்டன் விண்ட்மில் தியேட்டரில் ஆட்டக்காரியாக இருந்து வந்தவர். நாற்பதுகளில் கெய்ன்ஸ்பரோ நிறுவனத்தின் உணர்ச்சி கொப்பளிக்கும் படங்களில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கெட்டபெண் வேஷம். ‘ஃபேனி பை கேஸ்லைட்’, ‘கேரவன்’, ‘குட் டைம் கேர்ள்’ என்று வரிசையாக வழிதவறியவளாகவே நடித்து, ரசிகர்கள் மனத்தில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஆணியடிக்கப்பட்டிருந்தார். அஸ்க்வித் செய்த குறும்பு என்னவென்றால், அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, அந்தக் கெட்டபெண்ணையும் ஐந்தில் ஒன்றாக வைத்தார். தங்கையின் வாக்குமூலத்தில் வருகிறவள் ரசிகர்களுக்குப் பழக்கமான ஜீன் கென்ட். மற்ற நாலு பேரும் அவர்களுக்குப் புதியவர்கள். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தியேட்டரில் பார்த்ததும் யாரோ ஒரு தங்கையின் வாக்குமூலம் மட்டும்தானா என்ற கேள்வி கொட்டகையில் இருந்தவனைத் தொட்டிருக்கும்.

ஐந்து வேஷம் என்றதும் நம்மவர்களுக்கு ஐந்து ஒப்பனை, ஐந்து விக் என்று தோன்றும். இது அது இல்லை. ஒரே பெண், ஒரே வீடு. குரல் ஒரு படி இறங்குகிறது, தோள் கொஞ்சம் தொய்கிறது, உச்சரிப்பில் மேட்டுக்குடி வாசனை ஏறிக் குறைகிறது. அவள் மட்டுமா? ஃபின்ச் அம்மாளின் கதையில் சிடுசிடுப்பாக வந்த தங்கை, தன் கதையில் நியாயவாதி ஆகிறாள். சூசன் ஷா அதை அழகாகச் செய்திருக்கிறார். இந்த நுட்பத்தை ஒளியால் தாங்கியவர் ஒளிப்பதிவாளர் டெஸ்மண்ட் டிக்கின்சன், இரண்டு வருஷம் முன்பு லாரன்ஸ் ஒலிவியரின் ‘ஹேம்லெட்’டைப் படம்பிடித்தவர். திரைக்கதை ஜான் க்ரெஸ்வெல். இந்த இரண்டு பெயரும் கட்டுரையில் அடைப்புக்குறிக்குள்கூட இல்லை.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் சேரும். திருமதி ஃபின்ச்சாக ஹெர்மயனி பேட்லி. ‘பிரைட்டன் ராக்’ படத்தில் விடாப்பிடியாகக் கொலைகாரனைத் துரத்திய ஐடா இவர்தான். பின்னால் ‘ரூம் அட் தி டாப்’ படத்தில் சுமார் இரண்டரை நிமிஷம் வந்ததற்கே ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார். மாலுமியாக ஜான் மெக்காலம், ‘இட் ஆல்வேஸ் ரெயின்ஸ் ஆன் சண்டே’யில் தப்பியோடிய கைதியாக வந்த ஆஸ்திரேலியர். விசாரிக்கும் அதிகாரியாக ஸ்காட்லாந்தின் டங்கன் மக்ரே. இவர்களை வைத்துக்கொண்டு, ராங்க் என்ற பிரிட்டிஷ் சினிமா சாம்ராஜ்யத்தின் கஷ்டகாலத்தில் இந்தப் படம் எடுக்கப்பட்டது. 1949-இல் ராங்க் நிறுவனத்தின் வங்கிக் கடன் 1.6 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. பிரம்மாண்டத்துக்குக் காசில்லாத நேரத்தில் நாலு அறை, ஒரு நடிகை, ஒரு நல்ல யோசனை என்று கிளம்பிய படம்.

முடிவில் கொலைகாரன் பிடிபடுகிறான், உண்மை வெளிவருகிறது, ஆகவே மட்டமான படம் என்பது கட்டுரையாளரின் இன்னொரு கண்டுபிடிப்பு. கொலைகாரன் யார் என்பது தெளிகிறது, வாஸ்தவம். ஆஸ்ட்ரா யார் என்பது தெளிகிறதா? போலீஸ் கோப்பை மூடுகிறது, அவளை மூட முடியவில்லை. குற்றவாளி அகப்பட்டதும் அவர் எழுந்து போய்விட்டார் என்றால் அதற்கு அஸ்க்வித் என்ன செய்வார்?

கடைசியாக ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தருக்கு ‘ரஷோமான்’ ஒரு தூண்டுதல் என்பதை யாரும் மறைத்ததில்லை. தூண்டுதலும் திருட்டும் ஒன்றல்ல. அடுப்பு ஒரு வீட்டில் கடன் வாங்கிய நெருப்பில் பற்றலாம், சோறு நம் அரிசியில்தான் வேகும். 1954-இல் வந்த அந்தப் படத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம், வானொலி இன்ஜினியர் ராஜன் பிணமாகக் கிடக்கிறான், சாட்சிகள் ஒருவர் மாற்றி ஒருவர் மேல் கைகாட்டுகிறார்கள். அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் உண்மையை எட்டிவிடுகிறார். ஒரே சம்பவத்தை யாரும் மாற்றி மாற்றிச் சொல்வதில்லை. அமைப்பில் இது குரோசாவாவைவிட அஸ்க்வித்துக்கே நெருக்கம் என்று சினிமா எழுத்தாளர்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து கிடந்த 1943-இன் சென்னையும், தேசத்தை விற்கும் கெட்டிக்காரனாகச் சிவாஜியும், கணவனுக்கும் நாட்டுக்கும் நடுவே நிற்கும் பண்டரிபாயும், பாட்டே இல்லாமல் தமிழ்ப்படம் எடுக்க ஏ.வி.எம். காட்டிய தைரியமும் லண்டனிலிருந்தும் வரவில்லை, டோக்கியோவிலிருந்தும் வரவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், ஆஸ்ட்ராவைக் கொன்றவன் அந்த மாலுமிதான் என்று போகிறபோக்கில் போட்டு உடைத்திருக்கிறார். மாலுமி கொல்லவில்லை, ஐயா. கொன்றது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு, அடுத்த இதழில் அஸ்க்வித்திடம் மன்னிப்புக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த மாலுமியிடமாவது கேட்டுவிடுங்கள்.