ஆறே முக்கால் ஏக்கர் எங்கிருந்து வந்தது?

திருவரங்கம் கோயிலின் ஏழாம் திருச்சுற்றை ஒட்டிக் கணினியில் கோடு இழுத்துப் பரப்பைப் பாருங்கள். தரையில் 156 ஏக்கர் உள்ள எல்லையை வெப் மெர்கேட்டர் தளத்திலேயே கணக்கிட்டால் 162 ஏக்கரைத் தாண்டும். காவிரி மணல் சேர்க்காமலே ஆறே முக்கால் ஏக்கர் முளைத்துவிடுகிறது.

மெர்கேட்டர் 1569-இல் மாலுமிகளுக்காகப் படம் வரைந்தார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அதற்காகப் பரப்பைக் கைவிட்டார். கிரீன்லாந்து வீங்குவதை வகுப்பில் காட்டிவிட்டு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஒன்றுமில்லை என்று நாம் இருந்துவிடுகிறோம். வெப் மெர்கேட்டரோ பூமியை முழு உருண்டையாகவே வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் திருச்சியில் கிழக்கு மேற்காக 1.8 சதவீதமும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 2.5 சதவீதமும் நீளம் கூடுகிறது. கோணமும் முழுக்கச் சரியில்லை.

யூ.டி.எம்.-க்கு மாறினால் தீர்ந்ததா? உருளையைப் படுக்கவைத்த முறை அது. நாம் 44-ஆம் மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். அதன் மையத் தீர்க்கமான 81 பாகை, நாகப்பட்டினத்துக்கும் கிழக்கே கடலுக்குள் ஓடுகிறது. மையத்தில் 0.9996 ஆக உள்ள அளவுக் காரணி, 250 கிலோமீட்டர் மேற்கே திருவரங்கத்தில் 1.00039 ஆகிறது. கிலோமீட்டருக்கு 39 சென்டிமீட்டர் கூடுதல். முக்கொம்பிலிருந்து கல்லணைக்குப் போவதற்குள் பத்து மீட்டர். அதே 156 ஏக்கரில் 12 சென்ட். சித்திரை வீதியில் 12 சென்ட் என்றால் எத்தனை குடும்பத்தின் வாசல் என்பது அங்கே டேப் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

கட்டத்தின் வடக்கும் உண்மை வடக்கும் இங்கே 26 கலை விலகுகின்றன. சூரியனை வைத்து எடுத்த திசையை டி.ஜி.பி.எஸ். புள்ளிகளோடு அப்படியே சேர்த்தால், ஒரு கிலோமீட்டருக்குள் கோடு ஏழரை மீட்டர் தள்ளிப் போகும்.

காவிரி ஆய்வாளர்களின் பாடு இன்னும் கடினம். மேட்டூர் 43-ஆம் மண்டலம், திருச்சி 44. கொடுமுடி தாண்டி, கரூருக்கு முன்பே 78 பாகைக் கோடு ஆற்றை வெட்டுகிறது. இரண்டையும் கவனியாமல் ஒட்டினால் ஆறே முறிந்துபோகும்.

மாநகருக்குள் நடக்கும் துல்லிய வேலைக்கு, 78 பாகை 42 கலையை மையமாகவும் அளவுக் காரணியை 1 ஆகவும் கொண்ட குறுக்கு மெர்கேட்டரே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஜி.ஐ.எஸ். மென்பொருளில் அதை அமைக்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த இதழ் முதல், பரப்பளவு தரும் கட்டுரைகளில் கோட்டுச்சட்டம் எது, மண்டலம் எது, பரப்பு தளத்தில் கணக்கிட்டதா நீள்கோளத்திலா என்பது இருக்க வேண்டும். இல்லாதவற்றைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.